கண்ணுக்குத் தெரியாத துடிப்பு

நுழையும்முன்

ஒரே அறையில், ஒரே பாடத்தை, அடுத்தடுத்த இரு கணினிகளில் இருவர் படிக்கின்றனர். ஒருவர் இரண்டு மணி நேரம் அயராமல் படிக்கிறார். மற்றவர் பத்து நிமிடத்தில் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார். குறை கண்ணில் உள்ளதா, கணினியில் உள்ளதா? பெரும்பாலோர் தயங்காமல் கண்ணையே குற்றம் சொல்வர். கொடைக்கானல் மலையில் நூறாண்டுகளுக்கு மேலாக ஒளியை ஆராய்ந்துவரும் ஒரு கூடத்திலிருந்து தொடங்கி, அந்த வினாவை மீண்டும் கேட்டுப் பார்க்கிறது இப்பாடம்.

மலைமேல் ஒரு சூரியக் கூடம்

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய வானாய்வகம் அமைந்துள்ளது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின்னர், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்வி எழுந்தது. அக்கேள்வியே இவ்வாய்வகத்திற்கு வித்தாயிற்று. சென்னையில் 1792 முதல் இயங்கிவந்த வானாய்வகத்தின் பணிகள் 1899இல் மலைக்கு மாற்றப்பட்டன. சார்லஸ் மிச்சி ஸ்மித் இதன் முதல் இயக்குநர். 1901இல் நோக்கீடுகள் முறையாகத் தொடங்கின. இன்று இவ்வாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாகும்.

சூரியனைத் தொலைநோக்கி வழியே நேராகப் பார்ப்பவர் விழித்திரையை இழக்க நேரிடும். ஆகவே சூரியனை ஆராய்வோர் அதன் பிம்பத்தை ஒரு வெண்பரப்பின்மீதோ ஒளிப்படத் தகட்டின்மீதோ விழச்செய்து, அதனையே ஆராய்வர். ஒளி எந்த வழியாக, எந்த அளவில், எந்த வடிவில் கண்ணை அடைய வேண்டும் என்பதைக் கருவிதான் முடிவுசெய்கிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே கண்ணின் நலமும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சூரியனைப் பொறுத்தவரை இதை எவரும் மறுப்பதில்லை.

இக்கூடத்தின் புகழ்பெற்ற கருவிகளுள் ஒன்று நிறமாலைச் சூரியப்படக் கருவி. சூரிய பிம்பத்தின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் முதற்பிளவு உள்ளே விடும். அக்கீற்றின் ஒளி நிறமாலையாக விரிந்தபின், அதிலிருந்து ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் இரண்டாம் பிளவு பிரித்தெடுக்கும். பிளவு பிம்பத்தின் குறுக்கே நகர நகர, அந்த ஒற்றை அலைநீளத்தில் சூரியனின் முழுப்படம் தகட்டில் பதியும். கால்சியத்திற்குரிய 393.4 நானோமீட்டர் ஒளியிலும், ஹைட்ரஜனுக்குரிய 656.3 நானோமீட்டர் ஒளியிலும் இவ்வாறு எடுக்கப்பட்ட படங்கள் இங்கே பல்லாயிரக்கணக்கில் உள்ளன. வெண்ணொளியில் வழவழப்பாகத் தோன்றும் சூரியன், இப்படங்களில் கொந்தளிக்கும் தழல்களும் இழைகளும் நிறைந்த வேறொரு சூரியனாகக் காட்சியளிக்கிறது. சூரியப்புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரி 5 அன்று ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் இம்மலையில்தான். நிறமாலைக் கோடுகள் மிகச் சிறிதளவு இடம்பெயர்ந்திருந்ததே அவருக்குக் கிடைத்த தடயம். வெறுங்கண்ணுக்கு அது ஒருநாளும் புலப்பட்டிருக்காது.

நம் பாடத்திற்கு இதிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ஒளிகள், கருவிக்கு முன் வேறுவேறாக இருக்கக்கூடும். ‘பார்ப்பதற்கு ஒரே வெண்மைதானே’ என்பது ஒளியைப் பற்றிய முழுத் தீர்ப்பு ஆகாது.

தகடுகளுக்குக் கிடைத்த நிலையான ஒளி

கண்ணாடித் தகடுகள் காலப்போக்கில் பழுதடையும். எனவே அவற்றை எண்ணிமப் படங்களாக மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஒரு மீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற கோளம் ஒன்றிலிருந்து வரும் சீரான ஒளி தகட்டின் பின்புறம் படும். மறுபுறத்தில், 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட சி.சி.டி. ஒளிப்படக்கருவி அதனைப் பதிவுசெய்யும். ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவும் 16 பிட் அளவில், அதாவது 65,536 படிகளில் குறிக்கப்படும்.

ஒரு தகட்டைப் படமெடுக்க ஒரு மேசை விளக்கு போதாதா? போதாது. விளக்கின் ஒளி ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும், ஒரு நொடியில் ஏறியும் மறுநொடியில் இறங்கியும் இருந்தால், பதிவாவது சூரியனின் இயல்பா விளக்கின் இயல்பா என்று பிரித்தறிய முடியாது. அதனாலேயே ஒளியின் நிலைத்தன்மைக்கு அவ்வளவு கவனம் செலுத்தப்பட்டது. உயிரற்ற ஒரு தகட்டுக்காக இவ்வளவு செய்த நாம், நாள்தோறும் பல மணி நேரம் உயிருள்ள கண்ணின் எதிரே வைக்கும் திரையின் ஒளி நிலையானதா என்று கேட்பதே இல்லை. இது சற்று வியப்புக்குரியதுதான்.

திரை எவ்வாறு மங்குகிறது?

மடிக்கணினியின் ஒளிர்வைப் பாதியாகக் குறைக்கிறோம். உள்ளே என்ன நிகழ்கிறது? விளக்கின் திரியை இறக்குவதுபோல ஒளி சீராகத் தணிகிறது என்று எண்ணுவோம். சில திரைகளில் அவ்வாறே நிகழ்கிறது. மின்னோட்டம் குறைய, ஒளியும் குறைகிறது. வேறு பல திரைகளில் நிகழ்வது முற்றிலும் வேறு. ஒளி தன் முழு வலிமையோடே எரிகிறது. ஆனால் இடைவிடாமல் அணைந்து அணைந்து எரிகிறது. எரியும் நேரத்தைக் குறைத்து, அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் கண்ணுக்குத் திரை மங்கலாகத் தோன்றும். இம்முறையைத் துடிப்பகலப் பண்பேற்றம் என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நொடிக்கு 240 முறை துடிக்கும் திரையில் ஒரு துடிப்பின் காலம் ஏறத்தாழ 4 மில்லிநொடி. ஒளிர்வைக் கால் பங்காக்கினால் 1 மில்லிநொடி வெளிச்சம், 3 மில்லிநொடி இருள். இது நொடிக்கு 240 முறை, ஒரு மணி நேரத்தில் 8,64,000 முறை நிகழ்கிறது. கைப்பேசிகளில் மிகுதியாகப் பயன்படும் ஓ.எல்.இ.டி. திரைகள் பலவற்றில் இம்முறையே கையாளப்படுகிறது. உற்பத்தியாளர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமும் உண்டு. மின்னோட்டத்தை மிகவும் குறைத்தால் நிறங்கள் திரியும். திரையின் பகுதிகள் ஒன்றற்கொன்று வேறுபட்டுத் தெரியும். துடிக்கவிட்டால் நிறம் மாறாது. நிறத்தின் துல்லியத்திற்காகக் கொடுக்கப்படும் விலை இது. அந்த விலையைக் கொடுப்பது யாருடைய கண் என்பதே நம் கேள்வி.

நொடிக்கு ஏறத்தாழ 50 அல்லது 60 முறைக்கு மேற்பட்ட துடிப்பைக் கண் தனித்தனியாக உணர்வதில்லை. திரைப்படம் தொடர்ச்சியாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். ஆனால் இந்த எல்லை, அசையாத கண்ணுக்குரியது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு இரவில் மலைப்பாதையில் பயணம் செய்தோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். முன்னே செல்லும் சில வண்டிகளின் சிவப்பு எல்.இ.டி. பின்விளக்கு, நேராகப் பார்க்கும்போது ஒரே விளக்காகத் தெரியும். பார்வையைச் சட்டெனத் திருப்பும் கணத்தில் அது சிவப்பு மணிகளைக் கோத்த சரம்போல் சிதறித் தெரியும். கண் நகரும்போது, விளக்கின் ஒவ்வொரு துடிப்பும் விழித்திரையின் வெவ்வேறு இடத்தில் விழுவதால் ஏற்படும் தோற்றம் அது. படிக்கும்போதும் நம் பார்வை வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை. நொடிக்கு மூன்று நான்கு முறை சிறுசிறு தாவல்களாகவே தாவிச் செல்கிறது. ஆகவே ‘60க்கு மேல் எதுவும் தெரியாது, எனவே பாதிப்பும் இராது’ என்னும் வாதம் முதற்படியிலேயே தளர்ந்துவிடுகிறது.

எல்.இ.டி. விளக்குகளின் துடிப்பைப் பற்றி ஐ.இ.இ.இ. அமைப்பு 2015இல் 1789 என்னும் எண்ணுள்ள பரிந்துரை ஒன்றை வெளியிட்டது. 90 ஹெர்ட்ஸ் முதல் 1250 ஹெர்ட்ஸ் வரையுள்ள துடிப்புகளுக்கு அது தரும் கணக்கு எளியது. அதிர்வெண்ணை 0.08 ஆல் பெருக்கினால் கிடைப்பதே, குறைந்த இடருக்குரிய ஏற்ற இறக்க விழுக்காடு. 240 ஹெர்ட்ஸ் எனில் 19.2 விழுக்காடு. ஆனால் முழுதாக எரிந்து முழுதாக அணையும் ஒளியின் ஏற்ற இறக்கம் 100 விழுக்காடு. அத்தகைய ஒளி, குறைந்த இடர் என்னும் எல்லைக்குள் வர 1250 ஹெர்ட்ஸ் வேகத்தில் துடித்தாக வேண்டும். இது அறை விளக்குகளுக்காக எழுதப்பட்டது, திரைகளுக்காக அன்று. எல்லையைத் தாண்டிய ஒளி எல்லோரையும் வருத்தும் என்று பொருள்கொள்வதும் தவறு. இருப்பினும், கவலைப்படுவோர் கற்பனையில் கவலைப்படவில்லை என்பதைக் காட்ட இக்கணக்குப் போதும்.

தெரிந்து தெளிவோம்

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு சிறுவர் தொலைக்காட்சித் தொடரில், சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறிமாறி ஒளிர்ந்த காட்சி இடம்பெற்றது. அதனைக் கண்ட சிறுவர் 600க்கும் மேற்பட்டோர் வலிப்பு முதலிய பாதிப்புகளுடன் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு கண்சோர்வினின்றும் வேறானது. அதனைத் தூண்டுவன பெரும்பாலும் கண்ணுக்கு நன்றாகப் புலப்படும் மெதுவான மின்னல்களே. ஆனால், அதே காட்சியை எத்தனையோ இலட்சம் சிறுவர்கள் ஒரு தொல்லையும் இல்லாமல் பார்த்தனர் என்பதும் உண்மை.

1989ஆம் ஆண்டின் ஒரு சோதனை

கணினித் திரைக்கு முன்பே இக்கேள்வி குழல்விளக்கைப் பற்றி எழுந்தது. நம் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். பழைய அடைசுருளுடன் எரியும் குழல்விளக்கு அதனால் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸ் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும், அலுவலகம் ஒன்றில் சில காலம் பழைய விளக்குகளையும் சில காலம், நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும் மின்னணு அடைப்பான் கொண்ட விளக்குகளையும் எரியவிட்டனர். எப்போது எது எரிகிறது என்பது அங்குப் பணியாற்றியோருக்குத் தெரியாது. தலைவலியும் கண்சோர்வும் ஏற்பட்ட நாள்களை மட்டும் அவர்கள் குறித்துவந்தனர்.

முடிவு தெளிவாக இருந்தது. புதிய விளக்குகளின்கீழ் தலைவலி, கண்சோர்வு ஆகியவற்றின் சராசரி பாதிக்கும் மேலாகக் குறைந்தது. 100 ஹெர்ட்ஸ் துடிப்பைக் கண்ணால் பார்த்ததாக எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை, உடல் உணர்ந்திருந்தது. மற்றொன்றும் அதில் தெரியவந்தது. கட்டடத்தின் மேல்தளங்களில், பகலொளி மிகுதியாக வந்த அறைகளில் தலைவலி குறைவாகக் காணப்பட்டது. பகலொளி துடிப்பதில்லை.

இச்சோதனையின் சிறப்பு அதன் விடையில் மட்டுமன்று, அதன் முறையிலும் உள்ளது. ‘எனக்கு வலிக்கிறது’ என்பவரிடம் ‘எல்லோருக்கும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று கூறுவது அறிவியல் போலத் தோன்றலாம். அது அறிவியல் அன்று. பெரும்பான்மையின் நலம் சிறுபான்மையின் வலியைப் பொய்யாக்காது. ஒற்றைத்தலைவலி உடையோர் ஒளித்துடிப்புக்கு மற்றவரைவிட மிகுதியாகக் கூசுவர் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. அதே வேளையில், ‘எனக்கு வலிக்கிறது, எனவே திரைதான் காரணம்’ என்பதும் அவசரமே. வலி உண்மை, அதன் காரணம்தான் சோதனைக்குரியது.

காரணங்கள் பல

திரை துடிக்காவிட்டாலும் கண் அயரக்கூடும். நாம் கண்சிமிட்ட மறக்கிறோம். 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அலுவலகப் பணியாளர்களிடம் எண்ணிப் பார்த்தபோது, ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 22 ஆக இருந்த சிமிட்டல், நூல் படிக்கையில் 10 ஆகவும் திரையில் படிக்கையில் 7 ஆகவும் குறைந்தது. சிமிட்டாத கண் உலரும். உலர்ந்த கண் எரியும். மேசைமேல் உள்ள நூலைக் கீழ்நோக்கிப் படிக்கிறோம். திரையை நேராகப் பார்க்கிறோம். அதனால் இமைகள் அகலத் திறந்து, கண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகிறது. திரையைப் பார்வை மட்டத்திற்குச் சற்றுக் கீழே வைத்தல் நன்று என்பதன் காரணம் இதுவே. நிலைத்தண்டின் உயரத்தை மாற்ற இயலாத திரை வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் வன்பொருள் பற்றிய ஒரு தேர்வுதானே!

பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலையூர்களில் படிப்போர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. மூடுபனி இறங்கிய பகலில் சன்னல் முழுவதும் ஒரே வெண்படலமாக ஒளிரும். திரை சன்னலுக்கு எதிராக இருந்தால் அந்த வெண்மை முழுவதும் திரையில் பிரதிபலிக்கும். திரை சன்னலை மறைத்து நின்றால், அதன் பின்னிருக்கும் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். பளபளப்பான பரப்புள்ள திரையில் இத்தொல்லை மிகுதி. மங்கல் பூச்சுள்ள திரையில் குறைவு. சன்னல் பக்கவாட்டில் அமையுமாறு மேசையைத் திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்குப் புதிய கணினி வாங்க வேண்டியதில்லை.

திரைப்பலகைகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. விலை குறைந்த பலகைகள் சில, ஒவ்வொரு முதன்மை நிறத்தையும் 6 பிட் அளவில், அதாவது 64 படிகளில் மட்டுமே காட்டும். மொத்தம் 2,62,144 நிறங்கள். 8 பிட் பலகையில் இது 1,67,77,216. இடையிலுள்ள நிறங்களைக் காட்ட, 6 பிட் பலகை அடுத்தடுத்த இரு படிகளுக்கு இடையே விரைந்து மாறிக்கொண்டே இருக்கும். இதுவும் நுண்ணிய துடிப்பே. கண் கூசுவோர் சிலர் இதனையே தம் தொல்லைக்குக் காரணமாகச் சொல்கின்றனர். ஆனால் ஒளிர்வு மாற்றம் இதில் மிகச் சிறியது; பின்னொளித் துடிப்புக்கு உள்ளதுபோன்ற சான்று இதற்கு இல்லை.

நீலஒளித் தடுப்புக் கண்ணாடிகளைப் பற்றியும் ஒரு சொல். கண்சோர்வுக்கு அவை மருந்தெனக் கடைகளில் விற்கப்படுகின்றன. 2023இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு 17 சோதனைகளை ஒருசேர ஆராய்ந்தது. சாதாரணக் கண்ணாடிகளைவிட இவை கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. துடிக்கும் ஒளிக்கு நிற வடிகட்டி என்ன செய்யும்? பணத்தை அதற்குச் செலவிடுமுன், பார்வைக் குறை உள்ளதா என்று கண் மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது மேல். சரிசெய்யப்படாத சிறு பார்வைக்குறையே பலருடைய தலைவலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

ஒரு பென்சில் போதும்

திரை துடிக்கிறதா என அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். திரையில் ஒரு வெற்று வெண்பக்கத்தைத் திறந்து, ஒளிர்வைக் கால் பங்காகக் குறையுங்கள். திரைக்கு முன் ஒரு பென்சிலை விசிறிபோல விரைவாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே சீரான நிழற்பட்டையாகத் தெரிந்தால் ஒளி ஏறத்தாழ நிலையானது. தனித்தனிப் பென்சில்கள் வரிசையாக நிற்பதுபோல் தெரிந்தால் ஒளி துடிக்கிறது. மிக விரைந்த துடிப்பு இதில் அகப்படாது. அதே பென்சிலை வெளியே பகலொளியில் ஆட்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பிறகு ஒளிர்வை முழுமையாகக் கூட்டி, மீண்டும் திரைமுன் ஆட்டுங்கள். பல திரைகளில் இப்போது வரிசை மறைந்து நிழற்பட்டை தோன்றும். முழு ஒளிர்வில் அணைந்திருக்கும் நேரம் இல்லாமற்போவதே காரணம். இத்தகைய திரையை வைத்திருப்பவர், திரையை மங்கலாக்குவதற்கு மாறாக அறையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

துடிப்பு இருப்பதாகத் தெரிந்தாலும், தன் தலைவலிக்கு அதுவே காரணமா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் திரையையும் இடத்தையும் கண்ணாடியையும் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒருநாள் ஒரு திரை, மறுநாள் மற்றொன்று எனப் பத்து நாள்கள். அதே மேசை, அதே நேரம், அதே எழுத்தளவு. தொடங்கிய நேரம், வலி வந்த நேரம் ஆகியவற்றை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். கொடைக்கானல் வானாய்வகத்தின் நூற்றாண்டுப் பதிவுகளுக்கு மதிப்பு வந்ததும், நாள்தோறும் ஒரே முறையில் எடுக்கப்பட்டமையால்தான்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு 2011 முதல் விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. வீட்டில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது பல குடும்பங்களில் அவ்வாறுதான். அத்தகைய வீட்டில் திரையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்ததைக்கொண்டுதான் படித்தாக வேண்டும். கண் கூசும் ஒரு மாணவி, தனக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றே நம்பிவிடவும் கூடும். பள்ளியின் கணினிக்கூடத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய திரைகள் இருக்குமாயின், அவற்றுள் துடிக்காத ஒன்றைப் பென்சிலால் கண்டறிந்து அவளை அங்கு அமர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. புதியன வாங்கும்போது, துடிப்பற்ற பின்னொளி, மங்கல் பூச்சு, உயரம் மாற்றத்தக்க நிலைத்தண்டு ஆகியவற்றை விலைப்புள்ளிக் கோரிக்கையிலேயே எழுதிவிடலாம்.

திரையை மாற்றியும் வலி மாறவில்லையெனில், அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எந்த நாளில், எந்த வெளிச்சத்தில், எத்தனை நிமிடத்தில் வலி தொடங்கியது என்பது அவருக்கும் தேவைப்படும் செய்தி.